வெள்ளை வேனும் வாசல் நிழலும்

குருவுக்கு இருபத்தாறு வயசு, சீடருக்கு அறுபத்திமூணு. தென்காசியில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கம்ப்யூட்டரில் போட்டோக்களின் வெளிச்சத்தைத் திருத்தக் கற்றுக்கொடுக்கும் நிலோஃபரிடம், வேன் ஓட்டி ஓய்ந்த உச்சிமாகாளி மூன்று மாதமாகப் பாடம் படிக்கிறார். ஒரு நாள் மட்டம் போட்டதில்லை மனுஷன்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சொந்த வேன் வாங்கிய அன்று, இரவல் கேமராவில் அவரே எடுத்தது. வெயிலில் வெள்ளை வேன் பளிச்சென்று நிற்கிறது. அதற்குப் பின்னால், வீட்டு வாசல் நிழலில் அவர் மனைவி கோமதி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“வேற படமே இல்லையா, அண்ணாச்சி?”

“கல்யாணப் படம் இருக்கு, டீச்சர். ரேஷன் கார்டு இருக்கு. எல்லாத்துலயும் உம்முனுதான் இருப்பா. இதுல மட்டுந்தான் சிரிச்சா.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகள் சங்கரவடிவு, வழக்கம்போல மீன் குழம்பும் சோறுமாகத் தூக்குச்சட்டியோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா, சோறு ஆறிரும்.”

“இரும்மா, இந்தா ஆச்சு” என்றார், திரும்பாமல். போன ஞாயிறும் இதே பதில்தான். அதற்கு முந்தின ஞாயிறும்.

அவர் நிலோஃபரிடம் கேட்டார். “எவ்வளவு ஏத்துனா அவ முகம் தெரியும், டீச்சர்?”

நிலோஃபர் மவுஸை அவர் கையில் கொடுத்தாள். “திரையில இருக்கிற அம்புக்குறியை வேன் மேல வைங்க. கீழ வெளிச்சத்துக்கு என்ன எண் வருது?”

“இருநூத்திப் பத்து.”

“நல்ல வெளிச்சம். இப்ப முகத்து மேல.”

“சைபர்.”

“கொஞ்சம் தள்ளி?”

“அதுவும் சைபர்தான்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “ஏன் டீச்சர்?”

“நீங்க எதுக்கு நேரா பிடிச்சீங்களோ, அதைத்தான் கேமரா அளந்திருக்கு. அதுக்கு வெளிச்சம் சரியாத்தான் இருக்கு.”

உச்சிமாகாளி வேனையே பார்த்தார். அதை விற்று ஏழு வருஷம் ஆகிறது.

“அவங்க சிரிச்ச முகம் உங்க ஞாபகத்துல இருக்குமே, அண்ணாச்சி?”

“சத்தம் கேட்டுச்சு, டீச்சர். நான் கேமரா வச்சிருந்த லட்சணத்தைப் பார்த்துட்டுக் கலகலன்னு சிரிச்சா. நான் திரும்பிப் பார்க்கல. வண்டியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எப்படியாச்சும் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துட்டா போதும்.”

சொல்லிக்கொண்டே வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றினார். கறுப்பு கலைந்து சாம்பல் புள்ளிகளாகப் பொரிந்ததே தவிர, கண்ணும் வரவில்லை, வாயும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை ஒட்டிக் குனிந்தார். மூக்கு போய்த் திரையில் இடித்தது.

“ஐயோ அப்பா, உள்ளேயே போயிராதீங்க!” சங்கரவடிவு வாய்விட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

“இரும்மா” என்றார் அவர், திரும்பாமல்.

நிலோஃபர் கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

“என்ன டீச்சர்?”

“வாசல்ல சிரிக்கிறாங்க, அண்ணாச்சி.”