கரும்பலகையில் யார் பெயர்?

இந்தக் கதையைக் காதால் மட்டும் கேட்டால் ஏமாந்து போவீர்கள்; கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், விலங்கியல் இரண்டாம் ஆண்டு. பாடம் நடத்திய தாமோதரன் சாருக்கு ஒரு விபரீதப் பழக்கம் உண்டு. சில நாள் தப்பான விடையைத்தான் முதலில் சொல்வார். சத்தியம் செய்கிறவர்போல உரக்கச் சொல்லி, பலகையில் எழுதி, ஒரு கணம் வகுப்பை வெறிப்பார். பிறகு வாயே திறக்காமல், தூள் பறக்க உள்ளங்கையால் அதை அழித்துவிடுவார். அழித்தால் தப்பு என்று அர்த்தம். சரியானதைத் தேடிப் பிடிப்பது பிள்ளைகள் பாடு.

வகுப்புப் பிரதிநிதி கோமதி, எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். சாக்பீஸ் தூள் அவள் மூக்குக்கு ஆகாது. ஆனாலும் முதல் பெஞ்சை விடமாட்டாள். வகுப்புக்கே ஒரு குறிப்பு போதும் என்று ஏற்பாடு செய்தவள் அவள்தான். நல்ல ஏற்பாடு! பாடம் கேட்கிற வேலையே யாருக்கும் இல்லாமல் போயிற்று. ரிஸ்வானா செல்போனில் பாடத்தைப் பதிவு செய்து, விடுதிக்குப் போய் வரி விடாமல் தட்டச்சு செய்வாள். ஜெனிட்டா அதற்குத் தலைப்பும் வண்ணமும் படமும் போட்டுக் கல்யாணப் பெண்ணாக ஜோடிப்பாள். முத்துச்செல்வி படித்துப் பார்த்து, இடிக்கிற இடத்தில் கேள்வி போட்டு வைப்பாள். கடைசியில் கோமதி அதை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவாள்.

ஒருநாள் சார், “தமனி எல்லாத்துலயும் ஓடுறது நல்ல ரத்தம்தான். விதிவிலக்கே கிடையாது” என்று முழங்கினார். அன்று ஜெனிட்டாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. பதிவு ஓடுகிற தைரியத்தில் ரிஸ்வானா குனிந்து வேறு பாடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அந்த வரி அப்படியே குறிப்பில் ஏறியது. கடைசி பெஞ்சில் உட்காரும் முத்துச்செல்வி அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். காய்ச்சல் விட்டு வந்த ஜெனிட்டா, பக்கத்தின் அழகு கெடுகிறதென்று அதை நீக்கிவிட்டாள். கோமதி, “இதப் படிச்சாலே போதும்” என்று எல்லோருக்கும் அனுப்பினாள்.

தேர்வில் அந்தக் கேள்விதான் வந்தது. நுரையீரலுக்குப் போகும் தமனியில் கெட்ட ரத்தம் ஓடுகிறதே என்று முத்துச்செல்வி மட்டும் எழுதினாள். மற்ற எல்லோருக்கும் முட்டை.

“மறுதேர்வு வைக்கிறேன்” என்றார் சார். “ஆனா உங்க குறிப்புல இந்தத் தப்பு யாரால வந்துச்சோ, அவ பேர் நாளைக்குப் போர்டுல இருக்கணும். அவளுக்கு உள்மதிப்பெண் சைபர். கோமதி, நீதான் எழுதணும்.”

கோமதி மூவரையும் கூட்டினாள்.

“ஏட்டி, சார் வாயில வந்ததத்தான அடிச்சேன்? ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல” என்று ரிஸ்வானா பதிவையே போட்டுக் காட்டினாள். சாரின் குரல், சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம், கொஞ்சம் மௌனம், யாரோ தும்முவது, மணி. அவ்வளவுதான்.

“நான் அன்னைக்கு வரவே இல்லயே. வெறும் கேள்விக்குறிய வச்சு நான் என்னத்தக் கண்டேன்?” என்றாள் ஜெனிட்டா.

“நான் குறி போட்டேன்லா!” என்றாள் முத்துச்செல்வி.

“அத எடுத்ததப் பாத்தல்லா? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?” என்று ஜெனிட்டா திருப்பினாள்.

“எப்பக் கேள்வி கேட்டாலும் வள்ளுனு விழுதிய. போதும்னு விட்டுட்டேன்” என்றாள் முத்துச்செல்வி.

கோமதிக்குத் தலை சுற்றியது. யார் பேசினாலும் அவள் பக்கமே நியாயமாகப் பட்டது. மூன்று பெயரையும் மனதுக்குள் மாற்றி மாற்றி எழுதி அழித்தாள். பதிவை வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஓரிடத்தில் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. மறுநாள் நேரே போய்ப் பலகையில் ஒரு பெயரை எழுதினாள்.

கேட்டவர்களே, அவள் எழுதியது யார் பெயர்? எழுதியது சரிதானா?

விடை: தும்மியவள் கோமதி. எழுதும்போது பறக்காத தூள், கையால் அழிக்கும்போதுதான் பறக்கும்; ஆக அன்று சார் அந்த வரியை அழித்திருக்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து அதைப் பார்த்த முத்துச்செல்வி ஒரு குறியாவது போட்டாள். முதல் பெஞ்சில் கண்ணாலும் பார்த்து, மூக்காலும் வாங்கிக்கொண்டு, குறிப்பை நம்பிக் கண்ணை மறந்தவள் கோமதி. அதனால் தன் பெயரையே எழுதினாள். சார் அந்தப் பெயரை ஒரு கணம் வெறித்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளங்கையால் அழித்தார். அழித்தால் தப்பு என்றல்லவா அர்த்தம்? விடை தப்பா, அல்லது மன்னித்துவிட்டாரா? கோமதிக்கு இன்றுவரை புரியவில்லை. பறந்த தூளில் அன்றும் அவளால் தும்மத்தான் முடிந்தது. ஆனால் அவர் அழித்ததை அந்த முறை வகுப்பே பார்த்தது. மறுதேர்வை எல்லோரும் எழுதினார்கள்.