அதிமதுரக் கஷாயம்

“உங்க மருந்து பொய்யாப் போச்சும்மா,” என்றார் பொன்னுரங்கம்.

சுடுகாட்டிலிருந்து நேரே வந்திருந்தார். தலை ஈரம் காயவில்லை.

தபால் ஆபீசில் ஓய்வு பெற்றபின் சித்த வைத்தியம் கற்க வந்தவர் அவர். கற்றுக்கொடுத்த தில்லைக்கரசி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

“யாரு?”

“சுடலையாண்டி. கல்லுடைக்கிற கிரஷர்ல வேலை பார்த்தவன்.”

கல்தூள் பட்டுத் தொண்டை வெந்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் வந்தவன் அவன். பொன்னுரங்கம்தான் அதிமதுரக் கஷாயத்தில் கருவேலம் பிசினைக் கரைத்துக் கொடுத்தார். மறுநாளே, “வெண்ணெய் தடவுன மாதிரி இருக்கு ஐயா,” என்று சிரித்தான். சிரித்தபடியே வேலைக்குப் போனான். எரிச்சல் திரும்பும், அவனும் திரும்புவான். ஒன்றரை வருஷம்.

“கஷாயம் என்ன செய்யும்னு சொன்னேன்?”

“புண்ணு மேல பூச்சாப் படியும். எரிச்சல் அடங்கும்.”

“அடங்குச்சா?”

“அடங்குச்சு.”

“நெஞ்சுக்குள்ள போன தூளை எடுக்குமா?”

“எடுக்காது.”

“அது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு?”

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

“எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, அந்த வேலையை விடச் சொல்லுங்கன்னு முதல் நாளே சொன்னேனே.”

“சொல்லத்தாம்மா நினைச்சேன். ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க அவனுக்கு. சிரிச்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்ட எப்படிச் சொல்ல? அடுத்த தடவை, அடுத்த தடவைன்னு...”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“எனக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

“மாட்டேன்,” என்றாள் தில்லைக்கரசி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் சுடலையாண்டியின் மனைவி பேச்சி வந்தாள். முடியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள்.

“அவர் வேலையை எனக்கே குடுத்துட்டாங்க ஐயா. நாலு நாளாத் தொண்டை எரியுது. அவருக்குக் குடுத்ததையே குடுங்க. அதைக் குடிச்ச அன்னிக்குத்தான் அவரு நிம்மதியாத் தூங்குவாரு.”

பொன்னுரங்கம் தில்லைக்கரசியைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கஷாயத்தை ஊற்றினார். பேச்சி கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“உக்காரு தாயி. இது எரிச்சலைத்தான் ஆத்தும். அந்தத் தூளு நெஞ்சுல போய் உக்காந்துக்கும். எதைக் குடிச்சாலும் வெளிய வராது. இந்த வேலையில இருந்தா நீயும் பிழைக்க மாட்டே.”

பேச்சி அழவில்லை. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இதை அவர்கிட்டச் சொன்னீங்களா ஐயா?”