குறுக்கே ஒரு தழை

"உச்சிக்கு மூணு வழி இருக்குதாமே தாயி. எது சுருக்கு வழி?"

தாண்டவராயர் நின்னுக்கிட்டே கேட்டாரு, கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்ட மாதிரி. மனுசன் எதையுமே உக்காந்து கேட்டதில்லை.

நாச்சியாரம்மை கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா?"

"நான் உச்சிக்குப் போனதே இல்லையே."

தாண்டவராயருக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கருவேங்கை மலை அடிவாரத்துல குடிசை போட்டிருக்கிற குரு. நாலு ஊர்ச் சனம் தேடி வந்து கும்பிடற குரு. மலை உச்சியைப் பாத்ததே இல்லையாம்!

"ஏனுங்க தாயி, வெளையாடறீங்களா?"

"எத்தனையோ பேரு கூட்டிட்டுப் போனாங்க. யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கலை."

சொல்லிட்டு ரெண்டு கடலையை வாயில போட்டுக்கிட்டாங்க.

தாண்டவராயர் ஆருன்னு சொல்லிடறேன். ரேக்ளாப் பந்தயத்துல கொங்குநாடே பேரு சொன்ன ஆளு. அவரு வண்டிக்கு முன்னால இன்னொருத்தன் வண்டி போனதை ஊரு பாத்ததில்லை. "திரும்பிப் பாத்தவன் தோத்தான்" அப்படிங்கறது அவரு வாயில எப்பவும் இருக்கும். அறுபது வயசைத் தொட்டப்பதான், இத்தனை ஜெயிச்சும் நெஞ்சு நெறையலையேன்னு அவருக்கு உறைச்சுது. காளை ரெண்டையும் தம்பிகிட்ட விட்டுட்டு இங்க வந்து சேந்தாரு.

நாச்சியாரம்மைக்கு அவரு மக வயசுகூட இருக்காது. "போயும் போயும் ஒரு சின்னப் புள்ளை காலடியிலயா?"ன்னு ஊரு சிரிச்சுது. சிரிச்சுட்டுப் போகட்டும்னுட்டாரு.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. குரு சீடனுக்குச் சொல்ற அந்த வார்த்தை. அதுக்காக விறகு வெட்டினாரு, தண்ணி சுமந்தாரு, வருசக் கணக்காக் காத்துக் கெடந்தாரு. எப்பக் கேட்டாலும் நாச்சியாரம்மை ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்க.

"உச்சியில சொல்றேன்."

அன்னைக்குச் சித்திரைப் பௌர்ணமி. மடியில கெடந்த கடலைத் தொலியை உதறிட்டு எந்திரிச்சாங்க.

"கெளம்புங்க பெரியவரே. இன்னைக்குப் போலாம்."

"நெசமாவா தாயி!"

"நெசந்தான். நீங்க முன்னால வழி பாத்துப் போங்க. நான் பின்னாலயே வர்றேன். உச்சியில ரெண்டு பேரும் உக்காந்ததும் சொல்லிடறேன்."

தாண்டவராயருக்குத் தலைகால் புரியலை. வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. துண்டைத் தலையில சுத்தினாரு.

"படி வழி சுத்துங்க. யானைத் தடம் நமக்கு ஆகாது. ஓடை வழியே போயிடலாமுங்க!"

சொல்லி முடிக்கறதுக்குள்ள பத்தடி தாண்டியிருந்தாரு.

அந்த மலையில ஒரு வழக்கம் உண்டு. வழி ரெண்டாப் பிரியற இடத்துல முன்னால போறவங்க ஒரு தழையை ஒடிச்சு, போகக் கூடாத வழிக்குக் குறுக்கே போட்டுட்டுப் போவாங்க. பின்னால வர்றவங்க அதைப் பாத்துட்டு மத்த வழியைப் பிடிச்சுக்குவாங்க. அங்க பலகையும் கெடையாது, அம்புக்குறியும் கெடையாது. தழைதான்.

மொதப் பிரிவு வந்துது. இடது பக்கத்து வழிக்குக் குறுக்கே வாடின புங்கந்தழை கெடந்துது.

"சபாஷ்!" வலது பக்கம் பாஞ்சாரு.

ஓடைத் தண்ணி கல்லுக்குக் கல்லு குதிச்சு எறங்குது. இவரு கல்லுக்குக் கல்லு குதிச்சு ஏறறாரு. தலைக்கு மேல மலையணில் ஒண்ணு கத்திக்கிட்டே கெளைக்குக் கெளை தாவுது. அதையும் முந்தணும்னு இவருக்கு ஒரு வெறி.

ரெண்டாவது பிரிவுல நாவல் கொப்பு கெடந்துது. அதுல ஒரு இலைகூட மிச்சமில்லை, வெறும் குச்சிதான். அதுவும் போதுமாயிருந்துது.

"பெரியவரே, சித்த மெதுவா!" கீழ இருந்து குரல் வந்துது.

"வாங்க தாயி, வாங்க! இன்னைக்கு விட்டா எப்ப!"

மூணாவது பிரிவு வந்துது. அங்க ஒண்ணும் இல்லை. மழை அடிச்சுட்டுப் போயிருக்கும். ரெண்டு வழியும் ஒரே மாதிரி இருட்டா, ஒரே மாதிரி செங்குத்தா ஏறுது.

இடது பக்கம் ஓடினாரு. முள்ளு கிழிச்சுது, அட்டை கடிச்சுது. கடைசியில புதரை வெலக்கினா, கால் வைக்க எடமில்லை. கிடுகிடு பள்ளம். ஒரு கல்லு அவரு காலடியில இருந்து உருண்டு போச்சு. அது விழுந்த சத்தமே கேக்கலை.

தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தாரு. வந்ததும் பயம் போயிக் கோவம் பிடிச்சுக்கிட்டுது.

"இத்தனை பேரு ஏறிப் போயிருக்கானுகளே! ஒரு புண்ணியவானுக்காவது ஒரு தழை போடணும்னு தோணுச்சா? மனுசனுகளா இவனுக!"

காடே கேக்கறாப்பல திட்டினாரு. திட்டிக்கிட்டே வலது பக்கம் ஏறிப் போயிட்டாரு.

கொஞ்ச நேரத்துல மரம் கொறைஞ்சுது. புல்லு வந்துது. பாறை வந்துது. அப்புறம் வானம்தான்.

உச்சி!

தாண்டவராயர் துண்டை அவுத்துச் சுத்தினாரு. "ஹேய்!"னு கத்தினாரு, பந்தயத்துல காளையை வெரட்டற மாதிரி. பேய்க்காத்து அடிச்சுது. அவரு குரல் அவரு காதுக்கே எட்டலை. சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் பச்சைப் பசேல்னு காடு, அதுக்குமேல மேகம். அறுபது தாண்டின மனுசன் ஆடினாரு, சிரிச்சாரு, கண்ணுல தண்ணி ஊத்துச்சு.

"வந்துட்டேன் தாயி! சொல்லுங்க!"

திரும்பினாரு. ஆருமில்லை.

சரி, மெதுவா வருவாங்கன்னு உக்காந்தாரு. குருவுக்குன்னு ஒரு நல்ல பாறையாப் பாத்துத் துண்டை விரிச்சு வெச்சாரு. வெயில் உச்சிக்கு வந்துது, சாஞ்சுது. விரிச்ச துண்டு காத்துல பறந்துது. மறுபடியும் விரிச்சு, மேல கல்லை வெச்சாரு.

வரலை.

"பாதியிலயே திரும்பிட்டாங்களா? இத்தனை வருசம் காக்க வெச்சு, கடைசியில ஏமாத்திட்டாங்களே!"

அந்தக் கோவத்துலயே கொஞ்ச நேரம் இருந்தாரு. அப்புறம் அந்தக் கல்லு ஞாபகம் வந்துது. விழுந்த சத்தமே கேக்காத கல்லு.

இடது பக்கம்.

எந்திரிச்சாரு பாருங்க! ஏறினதை விட வேகமா எறங்கினாரு. விழுந்தாரு, எந்திரிச்சாரு, முட்டி பேந்துது. தாயின்னு கூப்பிட வரலை, பெத்த மகளைக் கூப்பிடற மாதிரித்தான் வந்துது.

"அம்மிணீ! அம்மிணீ!"

மூணாவது பிரிவுல, ரெண்டு வழிக்கும் நடுவுல, ஒரு வேர் மேல நாச்சியாரம்மை உக்காந்திருந்தாங்க. கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

தாண்டவராயர் அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. மூச்சு வாங்குது. கோவம் ஒரு பக்கம், உசுரு வந்த சந்தோசம் ஒரு பக்கம்.

"ஏனுங்க தாயி, இங்கயே உக்காந்துட்டீங்களே!"

"ரெண்டு வழி இருந்துது. நீங்க எதுல போனீங்கன்னு தெரியலை."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்லீங்களா?"

"குடுத்தேன். நீங்க அப்ப ஆரையோ திட்டிக்கிட்டே போயிட்டிருந்தீங்க."

தாண்டவராயருக்குத் தான் திட்டினது ஞாபகம் வந்துது.

காது மடல் ரெண்டும் செவந்து போச்சு. நாச்சியாரம்மை உரிச்ச கடலையை அவரு கையில கொட்டினாங்க. தின்னாரு.

அப்புறம் எந்திரிச்சாரு. பக்கத்துப் புங்க மரத்துல நல்ல பெரிய தழையா ஒண்ணு ஒடிச்சாரு. இடது பக்கத்து வழிக்குக் குறுக்கே போட்டாரு. தள்ளி நின்னு பாத்தாரு. பத்தாதுன்னு இன்னொண்ணு ஒடிச்சுப் போட்டாரு. காத்துல பறக்காம இருக்க, மேல கல்லை வெச்சாரு.

நாச்சியாரம்மை துள்ளி எந்திரிச்சாங்க.

"ஓ, வலது பக்கமா! வாங்க, வாங்க, வெயில் போறதுக்குள்ள!"

அந்தம்மா ஓடின ஓட்டத்துக்குத் தாண்டவராயரே பின்னால நின்னாரு. மரம் கொறைஞ்சுது, புல்லு வந்துது, பாறை வந்துது.

"இதுதானா? இதுதான் உச்சியா பெரியவரே?"

"இதுதாங்க தாயி."

"அய்யோ, எவ்வளவு பெருசா இருக்குது!"

சின்னப் புள்ளை மாதிரி நாலு பக்கமும் ஓடி ஓடிப் பாத்தாங்க. மேற்கே சூரியன் எறங்குது, கெழக்கே நெலா ஏறுது. ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கணும்னு கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்தம்மா சிரிச்ச சிரிப்பைப் பாத்துத் தாண்டவராயரும் சிரிச்சுட்டாரு. காலையில தனியா ஆடினப்பக்கூட இப்படி இனிக்கலை.

துண்டு விரிச்ச பாறையில குரு உக்காந்தாங்க. எதிர்ல சீடன் உக்காந்து கையைக் கூப்பினாரு.

"சொல்லுங்க தாயி."

நாச்சியாரம்மை கீழ காட்டுப் பக்கமாக் காதைக் குடுத்தாங்க.

காத்து நின்னுது. அப்பத்தான் கீழ காட்டுக்குள்ள இருந்து பேச்சுச் சத்தம் மேல ஏறி வந்துது. பௌர்ணமிக்கு உச்சி ஏற வெயில் தாழ்ந்து கெளம்பின கூட்டம்.

"அடக் கடவுளே, இங்க ரெண்டாப் பிரியுதே! எந்தப் பக்கம் போறது?"

"இரு இரு... தழை கெடக்குது! பச்சைத் தழை! ஆரோ புண்ணியவான் கல்லு வெச்சுப் போட்டிருக்கான்! இப்படி வாங்க எல்லாரும்!"

"அந்தப் புண்ணியவான் நல்லாருக்கோணும் சாமி!"

கூப்பின கை கூப்பினபடியே இருந்துது. தாண்டவராயர் குருவோட மொகத்தைப் பாத்தாரு.

"தாயி... வார்த்தை..."

"கேக்கலையா பெரியவரே?"

தாண்டவராயர் வெடுக்குன்னு எந்திரிச்சாரு. பாறை விளிம்புக்கு ஓடினாரு. கையைக் குவிச்சு வாயில வெச்சுக்கிட்டு, கீழ பாத்து, இருந்த மூச்சையெல்லாம் சேத்துக் கத்தினாரு.

"வாங்கோ, வாங்கோ! அந்த வழிதான்! பாத்து வாங்க, பாறை வழுக்கும்!"