ஆமையக்காவும் மழை அரக்கனும்

மருதமரத்துக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. ஆமையக்காவோ கரையில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தது.

காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ விட்டுப்போன கேம் பெட்டி அது. வெயில் பட்டால் தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும். கேமில் ஒரு வீரன். மலை உச்சியில் ஓர் அரக்கன், மழையைப் பானையில் அடைத்து வைத்திருந்தான். அவன்தான் 'கடைசி பாஸ்', கேமிலேயே பெரிய எதிரி. அவனை வென்றால் பானை உடையும், மழை கொட்டும்.

அந்தக் காட்டில் அவனை வென்றது வாலன் என்ற குரங்கு மட்டுமே.

"லெவல் ஏத்தணும் அக்கா!" என்றது வாலன். "வழியில் வரும் பூச்சிகளை அடி. அடித்துக்கொண்டே இரு!"

ஆமையக்காவும் அடித்தது. குட்டைக் கால் பொத்தானுக்குப் போய்ச் சேர்வதற்குள் பூச்சி கடித்துவிடும். ஒரு லெவல் ஏற ஒரு பகல் போனது. அரக்கனிடம் போனால் ஒரே அடி, வீரன் காலி! மறுபடியும் பூச்சி.

மரக்கிளையிலிருந்த கீச்சி மைனா இதையெல்லாம் பார்த்துத் தவித்தது. சேறு இறுகுவதற்குள் ஆமையக்கா மண்ணுக்குள் புதைந்துகொள்ள வேண்டும். நிஜ மழை வரும்வரை அங்கேதான் தூக்கம். அது எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்?

"இந்தப் பெட்டியிலாவது மழை கொட்டுறதை ஒரு தரம் கண்ணால பார்த்துட்டுத் தூங்கினா பயமில்லாம இருக்கும்டி," என்று ஆமையக்கா சொல்லியிருந்தது.

கீச்சி இறங்கி வந்து பெட்டியைக் கொத்திக் கொத்திப் பார்த்தது. செட்டிங்ஸில் 'கடினம்' என்று இருந்தது. பக்கத்திலேயே 'எளிது' என்றும் இருந்தது!

"அண்ணே! இதை ஏன் நீ சொல்லவே இல்லை?"

வாலன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டது. "எளிதில் வைத்து ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா? நான் ராப்பகலா கஷ்டப்பட்டேன்!"

"நீ பட்டா எல்லாரும் படணுமா? எந்த ஊர் நியாயம் இது?"

"எல்லாருக்கும் ஒரே அரக்கன். அதுதான் நியாயம்!"

"ஒரே அரக்கன் சரி. ஒரே கையா? எங்கே, உன் கையைக் கட்டிக்கிட்டு வாலால ஆடு பார்ப்போம்!"

"ஆடினா என்ன?" வாலன் மார்பைத் தட்டிக்கொண்டு வாலை நீட்டியது. பொத்தானைத் தேடி வால் அலைந்தது. முதல் பூச்சியே வீரனைக் கடித்துக் கொன்றுவிட்டது! சேற்றிலிருந்த தவளைகள் உருண்டு உருண்டு சிரித்தன.

"வாலால எவன் ஆடுவான்? இது அநியாயம்!" என்று கத்தியது வாலன்.

"அநியாயம்தான் அண்ணே! அதைத்தானே நானும் இவ்வளவு நேரமா கத்துறேன்!"

வாலன் தன் வாலைப் பார்த்தது. பிறகு ஆமையக்காவின் குட்டைக் காலைப் பார்த்தது.

"விடுடி கீச்சி," என்றது ஆமையக்கா. "லேசா ஜெயிச்சா தம்பி கேலி பண்ணும்."

"பண்ண மாட்டேன் அக்கா," என்று முனகிய வாலன், தானே 'எளிது' என்பதை அழுத்திப் பெட்டியை ஆமையக்காவின் முன்னால் வைத்தது.

எளிது என்றுதான் பேர். ஆனாலும் அரக்கன் சும்மா விடவில்லை. ஆமையக்கா விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. "குனி அக்கா! இப்போ அடி!" என்று தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. பொத்தானை அழுத்த வாலனின் விரல்கள் துடித்தன. அது கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் பானை உடைந்தது!

சின்னத் திரை முழுக்க மழை. ஆமையக்கா மூக்கை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தது. நனையவில்லை. ஆனாலும் சிரித்தது. "இப்படித்தான் கொட்டும், இல்லையாடி?"

"இப்படியேதான் அக்கா," என்றது கீச்சி.

மறுநாள் காலையில் ஆமையக்கா சேற்றுக்குள் இறங்கியது. வாலன் குனிந்து, "நிஜ மழை வந்ததும் நானே தட்டி எழுப்புறேன் அக்கா," என்றது.

"கடினமாவா தம்பி, எளிதாவா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"எளிதாத்தான் அக்கா. மெதுவா ஒரே தட்டு!"

அடுத்தவர் கைக்கு ஏற்றபடி வழியை எளிதாக்கிக் கொடுப்பதால், முன்னே வென்றவரின் வெற்றி ஒரு துளியும் குறைந்துவிடாது.