தொந்தியப்பனின் தேன் வண்டி

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் தொந்தியப்பன் என்ற கரடி இருந்தான். தேன் என்றால் போதும், அவனுக்கு ஊண் உறக்கம் எதுவும் வேண்டாம்!

அன்று மலைக்கு அந்தப் பக்கம் அவன் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் தேன் இல்லாவிட்டால் கரடிகள் எழுந்து போய்விடுமே! பத்துப் பானைத் தேனை ஓர் இரட்டைச் சக்கர வண்டியில் ஏற்றி, அதன் ஏர்க்காலைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டான்.

பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றி முள்ளி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, எல்லாப் பானையையும் வண்டியின் கடைசியில் அடுக்கியிருக்கிறீர்கள்! முன்னால் வெறும் வாழை இலைதானே இருக்கிறது?"

"முன்னால் வைத்தால் என் நாக்கு சும்மா இருக்குமா, தங்கச்சி? வெறும் பானைதான் ஊர் போய்ச் சேரும்" என்றான் தொந்தியப்பன்.

முள்ளியும் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஏற்றத்தில் பின்பாரம் அவன் இடுப்பைத் தூக்கித் தூக்கிவிட்டது. இறக்கத்திலோ வண்டியின் பின்புறம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஓடினால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்து, அந்த அப்பாவி இன்னும் வேகமாக ஓடினான். வண்டி அவனையே பிடித்து உலுக்கியது. பானை ஒன்று உருண்டு விழுந்து சுக்குநூறாயிற்று.

"ஓடாதீர்கள் அண்ணே! சட்டென்று நிற்கவும் வேண்டாம்! நேராகப் போய்க்கொண்டே வேகத்தை மெல்ல மெல்லக் குறையுங்கள்!" என்று கத்தினாள் முள்ளி.

அப்படியே செய்தான். ஆட்டம் அடங்கி வண்டி நின்றது. தொந்தியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ, மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

"இன்னும் ஒன்பது பானை இருக்கிறதே! கனத்தைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் நகர்த்தி, இறுகக் கட்டுவோம்."

"அப்புறம் என் நாக்கு?"

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பானைகளை முன்னால் நகர்த்திக் கொடியால் கட்டினார்கள். பானைகளுக்கும் கரடிக்கும் நடுவில் முள்ளி உட்கார்ந்து, முட்களைச் சிலிர்த்துக்கொண்டாள். வண்டி சாதுவாகப் பின்னால் வந்தது. தொந்தியப்பனும் அவசரப்படாமல் இழுத்தான். இலை போடும் நேரத்துக்கு ஒன்பது பானையும் பந்திக்கு வந்துவிட்டன. மகளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"அதென்ன அப்பா, மூக்கில் முள்?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு தடவைதான் அம்மா திரும்பினேன்!" என்று அசடு வழிந்தான் தொந்தியப்பன்.

நீதி: கனத்தை முன்னால் வைத்து, இறுகக் கட்டி, நிதானமாக இழுத்தால் வண்டி ஆடாமல் ஊர் சேரும்.