செங்கொம்பன் உள்ளே வந்த வழி

இந்தக் கதையின் தீர்ப்பை உங்கள் தலையில்தான் கட்டப் போகிறேன். ஆகவே கொட்டாவியை இப்போதே விட்டு முடித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரில் பொன்னரசு என்று ஒருவன். வாரம் முழுக்க மோட்டார் பம்பு விற்பான். ஞாயிற்றுக்கிழமையானால் உலகம் படைப்பான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வேடம் ஏற்று, இருபது முகப் பகடையை உருட்டிக் கற்பனைக் குகைகளில் பூதங்களோடு மோதுவார்கள். குகைகளின் வரைபடம் தமயந்தியின் வேலை. பூதங்களைப் படைப்பவன் ஜோதிராஜ். எந்தப் பூதம் எந்த அறையில் நிற்கும், அங்கே என்ன மோதல் நடக்கும் என்று அமைத்துக் கதையை நடத்துவது பொன்னரசு. செய்து கொடுத்தவர்கள் அன்றைக்கு ஆடக் கூடாது, உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் பொன்னரசு ஒரு கண்ணாடிப் பகடையை ஒருவர் கையில் கொடுப்பான். அது நன்றாக உழைத்தவருக்கான பரிசு அல்ல, நன்றாக ஆடியவருக்கும் அல்ல. அன்றைய கதையைத் தடம் திருப்பியவர் யாரோ அவருக்கு. கதை நடத்துகிறவன் தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மேசையில் ஒரு சன்னலால் சண்டை வந்தது. ஜோதிராஜ் பார்த்துப் பார்த்துச் செய்த பூதம் ஒன்றை, தமயந்தி அழகுக்காக வரைந்த சன்னல் வழியாக அம்பு விட்டே ஆட்டக்காரர்கள் தீர்த்துக் கட்டிவிட்டார்கள். உன் சன்னல்தான் அதைக் கொன்றது என்றான் இவன். சன்னல் இருப்பதுகூடத் தெரியாத பூதம் என்ன பூதம் என்றாள் அவள். அதோடு பேச்சு நின்றது. வருகிற ஞாயிறோடு சரி, அதற்குமேல் வரமாட்டேன் என்று இருவருமே பொன்னரசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் மேசையும் போயிற்று. பாவம், அந்த வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கமாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கட்டங்களை எண்ணிப் பார்ப்பார்கள். வரைபடத்தில் ஒரு கட்டம் என்றால் ஐந்தடி. இந்த முறை அவரவர் வேலையை அவரவர் தனியாகப் பொன்னரசுக்கு அனுப்பினார்கள். தமயந்தி மலைக்கு நடுவே ஒரு பெரிய கூடம் வரைந்து, அதற்குப் போக ஒரே ஒரு வழி வைத்தாள். ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து மாட்டட்டும் என்று அதை ஒரு கட்ட அகலத்துக்கு ஒடுக்கினாள். ஜோதிராஜ் செங்கொம்பனைப் படைத்தான்: ஆறு கால், சிவந்த ஒற்றைக் கொம்பு, நான்கு கட்ட அகலம். குட்டியாக இருக்கும்போது உள்ளங்கையில் அடங்கும் என்று பொன்னரசிடம் போனில் கொஞ்சலாகச் சொல்லியும் வைத்தான். பொன்னரசு செங்கொம்பனைக் கூடத்தில் நிறுத்தி, வாரமெல்லாம் உட்கார்ந்து ஒரு பெரிய சண்டையை அமைத்தான்.

ஞாயிறும் வந்தது. ஆட்டக்காரர்கள் மூவர். அவர்களில் பல் டாக்டர் ஹசீனாவுக்கு அதுதான் முதல் நாள். பொன்னரசு களிமண்ணில் செய்த செங்கொம்பன் பொம்மையை வரைபடத்துக் கூடத்தில் வைத்ததும் மற்ற இருவரும் வாளை உருவிவிட்டார்கள். ஹசீனா வரைபடத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள்.

“ஒரு சந்தேகமுங்கண்ணா. எங்க வீட்டு பீரோவே மாடிப்படி திரும்பலைன்னு கீழேயே நிக்குது. இது எப்படி உள்ள வந்துச்சு?”

“நான் அகலத்தைச் சொல்லித்தான் அனுப்புனேன்,” என்றான் ஜோதிராஜ், சுவரைப் பார்த்து. “எனக்கு யாரும் சொல்லலை,” என்றாள் தமயந்தி, எதிர்ச் சுவரைப் பார்த்து. மந்திரத்தால் வந்தது என்று சமாளிக்க வாயெடுத்த பொன்னரசுக்கு அந்த உள்ளங்கைக் குட்டி ஞாபகம் வந்தது.

“இவ்வளவு பெருசா வரலைங்க,” என்றான் மெல்ல. “குட்டியா இருக்கறப்ப யாரோ கையில கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. இங்கயே வளந்துருச்சு. இப்ப வெளிய போக முடியலை.”

உருவிய வாள்கள் உறைக்குப் போயின. பொன்னரசு அமைத்த சண்டை நடக்கவே இல்லை. வெளியிலிருந்து மூவரும் கடப்பாரை போட, உள்ளிருந்து செங்கொம்பன் கொம்பால் முட்ட, பகடைக்கு மேல் பகடையாக உருட்டிச் சாயங்காலத்துக்குள் வழியை அகலமாக்கினார்கள். அது முதன்முதலாக வெயிலில் வந்து நின்றபோது ஆட்டக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கண்ணாடிப் பகடை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

“வழி ஒடுக்கமா இல்லாட்டி இந்தக் கதையே இல்லை,” என்றாள் தமயந்தி. “குட்டியைப் பத்தி நான் சொல்லாட்டி பொன்னரசு பதிலுக்கு எங்க போவான்?” என்றான் ஜோதிராஜ். ஹசீனா பகடை தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. கூட ஆடிய இருவரும்தான், “அவங்க கேக்காட்டி நாங்க அதை வெட்டிப் போட்டிருப்போம்,” என்றார்கள். தமயந்திக்குக் கொடுத்தால் ஜோதிராஜ் எழுந்து போவான். ஜோதிராஜுக்குக் கொடுத்தால் தமயந்தி போவாள்.

நீங்களே சொல்லுங்கள்: கண்ணாடிப் பகடை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஹசீனாவுக்கு. தமயந்தி வழியை ஒடுக்கியது ஆட்டக்காரர்களை மடக்குவதற்கு. ஜோதிராஜ் குட்டியைப் பற்றிச் சொன்னது தன் பூதத்தின் மேலுள்ள பாசத்தில். இரண்டும் கதைக்கு வேண்டிய சரக்குதான், ஆனால் தடம் திருப்பவில்லை. வழியையும் பூதத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வாரமெல்லாம் இரண்டையும் கையில் வைத்திருந்த பொன்னரசுகூட அதைச் செய்யவில்லை. அவன் பகடையை அவளிடம் நீட்டியதும், “இன்னைக்கு வந்தவங்களுக்கா?” என்றான் ஜோதிராஜ். “அதானே,” என்றாள் தமயந்தி. சொன்ன பிறகுதான் யாருக்கு ஒத்து ஊதினோம் என்று அவளுக்கு உறைத்தது. ஜோதிராஜ் களிமண் பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டு, “சரி, அடுத்த குகைக்கு எத்தனை கட்டம் அகலம் வைக்கப் போற?” என்று அவளிடமே கேட்டான்.