கூப்பிடாத வீடு

“இன்றைக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, அடிகளே” என்றார் கொற்றனார்.

குரத்தியார் தலையசைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

சமணத் துறவிகள் தங்கும் அந்த மலைப் பள்ளியில் அது தினசரி வழக்கம். பொழுது சாயும் வேளையில், அங்கே தங்கியிருப்பவர்கள் எல்லாரும் குகை வாசலில் உள்ள பாறையில் வந்து உட்கார வேண்டும். அன்றைக்குத் தன் மனத்துக்குள் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அறிவுரை கிடையாது. ஆறுதலும் கிடையாது. சொல்லி முடித்தால் எழுந்து போய்விடலாம்.

குரத்தி என்றால் சமணப் பள்ளியில் பாடம் சொல்லும் துறவிப் பெண். இவர் பெயர் இளநேமி. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும்.

கொற்றனாருக்கு ஐம்பத்திரண்டு. மலைக்குக் கீழே இருக்கும் ஊரின் மருத்துவர்.

போன பங்குனியில் அந்த ஊரில் அம்மை கண்டது. எழுபது வீடுகளில் ஆட்கள் படுத்த படுக்கையானார்கள். கொற்றனாருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. இன்னொரு முறை வராது என்று அவருக்குத் தெரியும். வீடு வீடாக ஓடினார். பெற்றவர்களே தொடப் பயந்த பிள்ளைகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

அவருடைய ஒரே மகள் சேந்திக்கும் அம்மை கண்டது. ஆறாம் நாள் இறந்துபோனாள். ஒன்பது வயது. அப்போது அவர் வேறு தெருவில் இருந்தார்.

ஊர் அவரைக் கொண்டாடியது. “சொந்தப் பிள்ளையைக்கூடப் பார்க்காமல் நம் பிள்ளைகளைக் காப்பாற்றிய மனிதர்” என்றார்கள். அவர் தெருவில் வந்தால் எழுந்து நின்றார்கள்.

அவர் மனைவி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்த மறுநாள் தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கொற்றனாருக்குச் சோறு இறங்கவில்லை. கண் மூட முடியவில்லை. தெரிந்த மருந்தையெல்லாம் காய்ச்சிக் குடித்துப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார்.

வந்த அன்றே கேட்டார்.

“கடுமையான நோன்பு ஏதாவது கொடுங்கள், அடிகளே. பட்டினி கிடக்கிறேன். வெயிலில் நிற்கிறேன்.”

“வேண்டாம். பகலில் இங்கே வருகிற நோயாளிகளுக்கு மருந்து கொடுங்கள். சாயங்காலம் பாறைக்கு வாருங்கள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பாறையில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நெசவாளர் வீட்டு அம்மாள் ஒருத்தி, “தங்கைக்குப் பேரன் பிறந்த சேதி வந்தது. எனக்கு வயிறு எரிந்தது” என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் வந்து, “இன்றைக்கும் எரிந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு” என்றாள்.

இதை எல்லாமா சொல்வார்கள் என்று கொற்றனார் நினைத்தார்.

அவர் முறை வந்தபோது, “இன்று பதினேழு பேருக்குக் கஷாயம் கொடுத்தேன்” என்றார்.

“அது கை செய்த வேலை. உள்ளே?”

“உள்ளே ஒன்றும் இல்லை.”

இப்படியே நாற்பது நாள் போனது.

நாற்பத்தோராம் நாள் முற்பகலில், ஒருத்தி ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க மலையேறி வந்தாள். குழந்தைக்கு உடம்பு கொதித்தது. கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

கொற்றனார் இருபது அடி தள்ளி நின்றுவிட்டார்.

“அங்கேயே இரு” என்றார். “மருந்து கொடுத்து அனுப்புகிறேன்.”

“கிட்டே வந்து பாருங்கள் ஐயா.”

“பார்த்துவிட்டேன்.”

“தொட்டுப் பாருங்கள் ஐயா. உங்கள் கை பட்டால் பிழைக்கும் என்று ஊரே சொல்கிறது.”

அந்தக் குழந்தை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

கொற்றனார் திரும்பிக் குகைக்குள் நடந்தார். நடை ஓட்டமானது. கடைசிச் சுவர் வரைக்கும் போய், கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். வெளியே அந்தப் பெண் அழுவது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டார்.

குரத்தியார்தான் குழந்தையை வாங்கினார். துணி நனைத்து உடம்பைத் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

அம்மையே இல்லை. வேர்க்குரு. கூடவே வெயிலில் வந்த காய்ச்சல். நிழலில் படுக்க வைத்து நீராகாரம் கொடுத்ததும் சூடு தணிந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே குழந்தை தாயோடு இறங்கிப் போய்விட்டது.

எழுபது வீட்டு அம்மையைப் பார்த்தவர், வேர்க்குருவைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கொற்றனார் பாறைக்கு வந்தார். வராமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். கால் வந்துவிட்டது.

ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் மிஞ்சினார்.

“கேளுங்கள், அடிகளே” என்றார். “ஏன் ஓடினாய் என்று கேளுங்கள். திட்டுங்கள்.”

“இன்னும் நான் சொல்லவில்லை” என்றார் குரத்தியார். “சொல்லிவிடுகிறேன்.”

கொற்றனார் நிமிர்ந்தார். வழக்கமாக எல்லாரும் போன பிறகு குரத்தியார் தனியே அங்கே உட்கார்ந்திருப்பார். எதற்கு என்று கொற்றனார் யோசித்ததே இல்லை.

“அந்தக் குழந்தையைக் கையில் வாங்கியபோது எனக்கு உடம்பு நடுங்கியது. நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். வேர்க்குரு என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டேன். குழந்தைக்காக இல்லை. எனக்காக.”

தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“பிறகு ஒரு நினைப்பு வந்தது. பெரிய மருத்துவர் ஓடிவிட்டார், நான் நின்றேன் என்று. இனிப்பாக இருந்தது. மத்தியானம் முழுக்க அதை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன்.”

“நீங்களா?”

“நான்தான்.”

மேற்கே வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. கீழே ஊரில் அடுப்புப் புகை எழும்பியது.

கொற்றனார் வாய் திறந்தார். குரல் யாருடையதோ போல இருந்தது.

“முதல் நாளே பார்த்துவிட்டேன். சேந்திக்குக் கொப்புளம் கறுத்திருந்தது. கறுத்தால் பிழைப்பதில்லை.”

கீழே தெரிந்த ஊரைக் கையால் காட்டினார்.

“மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு வேலை இல்லை. எங்கள் தெருமுனை வரைக்கும் போனேன். அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முனைக்கே கேட்டது.”

“ம்.”

“திரும்பிவிட்டேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. அங்கே யாருக்கும் நோய் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவர்கள் வாங்கியிருந்த புது மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இருட்டும் வரைக்கும் பேசினேன்.”

மூச்சை இழுத்தார்.

“மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல அவரிடம் இல்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மகள் செத்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. குரத்தியார் அதை நிறுத்தவில்லை.

அடங்கிய பிறகு கொற்றனார் கேட்டார்.

“இதற்கு என்ன தண்டனை?”

“தண்டனை கொடுக்க நான் அரசன் இல்லை.”

“மன்னிப்பு?”

“அது என்னிடம் இல்லை.”

“பிறகு நான் என்னதான் செய்வது?”

“நாளைச் சாயங்காலம் வாருங்கள்.”

“நாளைக்கும் இதேதான் உள்ளே இருக்கும்.”

“இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.”

“எத்தனை நாள், அடிகளே? எத்தனை நாள் சொன்னால் இது தீரும்?”

குரத்தியார் பாறையை உள்ளங்கையால் தடவினார்.

“பதினோரு வருஷமாக நான் இந்தப் பாறையில் வந்து உட்காருகிறேன், மருத்துவரே. நீங்களெல்லாம் சொல்வதைக் கேட்க மட்டும்தான் என்று நினைத்தீர்களா?”